இரண்டு மணிக்குத் திறந்த மதகு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி ஆனால் போதும், ஊரில் பாதிப் பேர் நடக்காத ஒன்றைப் பற்றிச் சண்டை போட உட்கார்ந்துவிடுவார்கள். மறுகணிப்பான் என்ற இயந்திரம் வந்து பதினைந்து வருடமாகிறது. முன்பு சீட்டாடியவர்களும் குறுக்கெழுத்து போட்டவர்களும் இப்போது வரலாற்றைக் கிளை பிரித்துப் பார்க்கிறார்கள். அந்தத் துறைமுகத்தைப் பத்து மைல் வடக்கே கட்டியிருந்தால்? இந்த ரயில் பாதை வராமலே போயிருந்தால்? பழைய பதிவேடுகளை ஊட்டினால் இயந்திரம் கணித்துச் சொல்லிவிடும். நீதிமன்றம் அதைச் சாட்சியமாக ஏற்பதில்லை. அதனால்தான் எல்லோரும் பயமில்லாமல் விளையாடுகிறார்கள்.

நேத்ராவும் இட்லித் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரைச்சுவரின் முன் உட்கார்ந்தாள். நீர்ப்பாசனத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவள், வயது அறுபது. ஆனாலும் ‘ஒருவேளை மன்ற’த்தில் அவள் இன்னும் ‘துளிர்’தான். புதிதாகச் சேர்கிறவர்களை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். துளிராக இருக்கும் மூன்று மாதமும் சொந்தமாக ஒரு கிளையை முன்மொழியக் கூடாது. பதிவேடுகளில் இருக்கும் ஓட்டைகளை அடைப்பதோடு சரி. பழைய பஸ் நேரங்கள், மூடிப்போன அரிசி ஆலைகள் என்று கொடுத்ததையெல்லாம் முகம் சுளிக்காமல் தேடிக் கொடுத்தாள்.

சும்மா பொழுதுபோக்கு என்று மகனிடம் சொல்லியிருந்தாள். அது பொய். அரசின் ஆவணக் கிடங்கைத் திறக்கும் அனுமதி மன்றங்களுக்கு மட்டும்தான் உண்டு. அவளுக்கு ஒரே ஒரு கேள்விக்கு விடை வேண்டியிருந்தது. மூன்று மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் பாக்கி.

அதற்குள் துருவன் முந்திக்கொண்டான். மன்றத்தின் கோயம்புத்தூர்ப் பையன், படபடவென்று பேசுவான்.

“செங்காட்டு ஏரிங்க. ரெண்டாயிரத்து அறுபத்தொண்ணு. மதகத் தொறந்தது சாயங்காலம் ஆறு மணிக்கு, கரை ஒடைஞ்சது ஆறரைக்கு. மத்தியானம் ரெண்டு மணிக்கே தொறந்திருந்தா? இதுதானுங்க என் கிளை.”

அன்று ஆறு மணிக்கு மதகைத் திறக்கச் சொன்னவள் நேத்ராதான். விசாரணை அறிக்கையில் அவள் பெயர் கிடையாது. ‘பணியிலிருந்த உதவிப் பொறியாளர் மீது குற்றமில்லை’ என்று ஒரு வரி மட்டும் இருந்தது.

மன்றத்தை நடத்தும் பரீதா மேலப்பாளையத்திலிருந்து பதிவேட்டை ஊட்டினாள். நாற்பது விநாடியில் முடிவு வந்தது. இரண்டு மணிக்கு நீர்மட்டம் பதினெட்டு அடிதான். ஆறு மணி வரை அது அசையவில்லை. பிறகு வந்தது திடீர் வெள்ளம். முன்பே திறந்திருந்தாலும் கரை உடைந்திருக்கும்.

“சப்புன்னு போச்சுங்க,” என்றான் துருவன். “யாரு மேலயும் தப்பில்ல. அடுத்ததுக்குப் போலாமுங்களா?”

யார் மேலும் தப்பில்லை. இருபது வருடமாக யாராவது வாய்விட்டுச் சொல்லமாட்டார்களா என்று அவள் ஏங்கிய சொல். ஒரு நிமிடம் நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது. ஆனால் அந்தப் பதினெட்டு அடி தவறு என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

அன்று இரண்டு மணிக்குக் கரைக்காவலர் சவரிமுத்து போன் செய்தார். “அம்மா, அளவுக்கல்லுல தண்ணி இருபத்திரண்டத் தொட்டுருச்சு. ஏறிக்கிட்டே இருக்கு.” அவருக்குக் கண் மங்கல் என்று அலுவலகமே கேலி செய்யும். அவள் அறையிலோ, கரையில் பொருத்திய புத்தம் புது மின்மானியின் அளவுத்திரை. “மானி பதினெட்டுதான் காட்டுது அண்ணே, சும்மா பதறாதீங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள். மானி சிக்கிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியவில்லை. அது காட்டியதையே மணிக்கு மணி பதிவேட்டில் எழுதினாள். கரை விளிம்பில் தண்ணீர் தளும்புவதாக ஊரார் ஓடிவந்து சொன்ன பிறகுதான், ஆறு மணிக்கு, திறக்கச் சொன்னாள். அன்று மாலை கரையோடு மானியும் போயிற்று, சவரிமுத்துவும் போனார்.

“பதிவேட்டுல ஒரு ஓட்டை இருக்கு,” என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “ரெண்டு மணிக்கு இருபத்திரண்டு அடி. மானி சிக்கியிருந்துச்சு.”

துருவன் துள்ளி எழுந்தான். “அட, அப்ப வெள்ளம் திடீர்னு வரலையா! கணக்கே மாறுதுங்க! ஆதாரம் என்னங்க?”

ஆதாரம் இல்லாத எண்ணை மன்றம் தொடாது. அதுதான் முதல் விதி.

“கரைக்காவலர் போன் பண்ணிச் சொன்னாரு. அந்தப் போன எடுத்தது நான்தான்.”

துருவன் மெல்ல உட்கார்ந்துவிட்டான். திரையில் இருந்த முப்பது முகங்களும் அவளையே பார்த்தன.

“அக்கா,” என்றாள் பரீதா கடைசியில். “இத நான் ஊட்டலேன்னா யாருக்கும் ஒண்ணும் தெரியப் போறதில்ல. விட்டுருவமா?”

“வேண்டாம்மா. போடுங்க.”

மறுபடியும் நாற்பது விநாடி. கரை நின்றிருக்கும். அறுபத்து மூன்று பேர் பிழைத்திருப்பார்கள். பெயர்கள் வயதோடு ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன. ஒரு குழந்தைக்கு வயது பூஜ்யம் என்று போட்டிருந்தது.

கிளையில் பிழைத்தவர்கள் வாழாத வாழ்க்கையை உறுப்பினர்கள் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டு எழுதுவது மன்றத்தின் வழக்கம். முடிவை மாற்றிய தகவலைத் தந்தவருக்குத்தான் முதல் உரிமை. மற்ற வாரங்களில் இந்த நேரத்தில் கைதட்டலும் கலகலப்புமாக இருக்கும்.

“நீங்க எழுத வேண்டாங்க்கா. நாங்க பாத்துக்கிடுதோம்,” என்றாள் பரீதா.

“ஒருத்தர மட்டும் எனக்குக் குடுங்க. சவரிமுத்து, வயசு அம்பத்தேழு.”

பெயர் அவள் பக்கத்துக்கு வந்தது. அவள் எழுதினாள்: மதியம் இரண்டு மணிக்குச் சவரிமுத்து போன் செய்தார். ‘சரி அண்ணே, இப்பவே திறக்கச் சொல்றேன்’ என்றாள் பொறியாளர். சாயங்காலம் வேலை முடிந்து அவர் வீட்டுக்குப் போனார். வீட்டில்

அதற்கு மேல் ஓடவில்லை. வீட்டில் யார் இருந்தார்கள், அவருக்குப் பிள்ளைகள் உண்டா, ஒன்றும் அவளுக்குத் தெரியாது. இருபது வருடத்தில் ஒரு தடவைகூட விசாரித்ததில்லை.

“துருவா, அவரு வீட்டு விலாசம் கிடங்குல கிடைக்குமா?”

“எடுத்துத் தர்றனுங்க. கதைக்குத் தேவைப்படுதுங்களா?”

“இல்லப்பா,” என்றாள் நேத்ரா. “நேர்ல போகணும்.”