நாலு மணி லிஸ்ட்

பெண்கள் வார்டில் அன்றைக்கு இருந்தவர்கள் இருபத்திரண்டு பேர். லிஸ்டில் இருபத்துமூன்று பெயர்கள் இருந்தன.

இன்பசேகரன் விரல் வைத்து மறுபடியும் எண்ணினான். ஒன்பதாவது வரிக்கு வந்ததும் விரல் அங்கேயே நின்றுவிட்டது. பெட் ஒன்பது. ருக்மணி, நகரி. பெனிசிலின் ஊசி, மணி நாலு. அவள் செத்துப் பதினேழு நாளாகிறது. அவளுடைய பெயரை அவன் தன் கையாலேயே அழித்திருந்தான்.

வடமாலபேட்டை தாண்டி ரோட்டோரத்தில் இருந்த அந்த மிஷன் ஆஸ்பத்திரிக்கு எண்பத்தெட்டாம் வருஷம்தான் கம்ப்யூட்டர் வந்தது. மெட்ராஸில் ஆறு மாசம் படித்துவிட்டு வந்த இன்பசேகரன்தான் அதற்கு ஆபரேட்டர். டாக்டரின் அறையிலிருந்து தினமும் மூன்றரைக்கு பிளாப்பி வரும். அவன் கம்ப்யூட்டருக்குக் கட்டளை வரிகளாக எழுதி வைத்த ஸ்கிரிப்ட் அதிலிருப்பதை நகலெடுத்து, கட்டில் வரிசைப்படி அடுக்கி, யாருக்கு என்ன ஊசி என்று அச்சடித்துத் தரும். நர்ஸுகள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் நாலு மணிக்கு ஊசி போடுவார்கள்.

நகலெடுக்கும் வரிக்குக் கீழே முதலில் இன்னொரு வரி இருந்தது. நகல் ஆகவில்லையா, எக்ஸிட். அதற்கு மேல் ஒன்றும் செய்யாதே, அங்கேயே நில். படிக்கிற காலத்தில் இதைத்தான் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் பிளாப்பியில் தூசி படிந்தால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும், லிஸ்ட் வராது. சூப்பரின்டெண்ட் ஆர்தர் வராந்தாவில் நாலு பேர் பார்க்க நின்று கத்துவார். "லிஸ்ட்டே வரலன்னா நீ எதுக்குய்யா? அந்த ஏசி ரூம்ல தூங்கினு இருக்கவா?"

மூன்றாவது தடவை அப்படிக் கத்தியபோது இன்பசேகரனுக்கு ரோஷம் வந்தது. அந்த வரியை எடுத்துவிட்டான். அப்புறம் ஒரு நாளும் லிஸ்ட் தவறவில்லை. ஆர்தரே தோளில் தட்டினார், அவனுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ருக்மணிக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளவில்லை, உடனே நிறுத்தவும் என்று டாக்டர் எழுதிய அன்று கம்ப்யூட்டரால் பிளாப்பியைப் படிக்க முடியவில்லை. ஸ்கிரிப்ட் நிற்கவுமில்லை. முந்தின நாள் விவரத்தையே எடுத்து அச்சடித்துக் கொடுத்துவிட்டது. லோயிஸ் சிஸ்டர் தாளைப் பார்த்து ஊசி போட்டாள். தறியோட்டிக் காய்ப்பேறிய ருக்மணியின் கை முழுக்கத் தடிப்புத் தடிப்பாகச் சிவந்து, நாலேகாலுக்கு அவள் மூச்சு நின்றது.

அந்தக் கலவரத்தில் வார்டு மேஜைமேல் கிடந்த தாளை இன்பசேகரன் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். இப்போது அது வீட்டில், அவனுடைய ஞானப்பாட்டுப் புத்தகத்துக்குள் இருக்கிறது. மூன்று ஞாயிறாக அவன் சர்ச்சில் அந்தப் புத்தகத்தைத் திறக்காமல் வாயை மட்டும் அசைத்துவிட்டு வருகிறான். சே, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று அவனுக்கே தோன்றும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. லோயிஸை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். புதன்கிழமை மூன்று மணிக்கு விசாரணை.

திங்கள்கிழமை வந்த அந்த லிஸ்டைக் கிழித்துப்போட்டான்; அதற்குள் அதன் கார்பன் நகல் வார்டுக்குப் போய்விட்டிருந்தது. எடுத்த வரியை மறுபடியும் ஸ்கிரிப்டில் சேர்த்தான். செவ்வாய்க்கிழமையும் இருபத்துமூன்று பெயர்கள் வந்தன. அதைக் கிழித்துக்கொண்டிருக்கும்போது, கஞ்சி வாளியைத் தூக்கிக்கொண்டு மணியம்மா கதவோரம் வந்து நின்றாள். வார்டில் சாப்பாடு கொடுக்கிறவள்.

"சார், ஒம்போதாம் நெம்பரு பெட்டுக்கும் கஞ்சி ஊத்தணுமா?"

"அங்க யாரும் இல்லியே."

"நேத்து லிஸ்ட்ல இருக்குதுன்னு புது சிஸ்டர் சொன்னாங்க. ஊத்தி வச்சிட்டு வந்தேன். போய்ப் பாத்தா துன்னுட்டு, தட்டைக் கழுவிக் கவுத்து வச்சிருக்குது." அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "நல்ல பழக்கம்தான். ஆனா யாருன்னு நான் பாக்கல சார்."

ருக்மணி அப்படித்தான் செய்வாள். வார்டில் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்த ஒரே ஆள் அவள்தான்.

புதன்கிழமை இன்பசேகரன் ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே எக்ஸிட் என்று அடித்தான். இனி அதற்குக் கீழே எந்த வரியும் ஓட வழியில்லை. உள்ளே இருந்த முந்தின நாள் பிளாப்பியை வெளியே எடுத்து, பிரிண்டரின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கினான். விசாரணை முடிந்ததும் லிஸ்டைக் கையால் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டான்.

ஆர்தரின் அறையில் மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றியது. லோயிஸ் வெள்ளைப் புடவையில், கைக்குட்டையைக் கசக்கியபடி நின்றாள்.

"லிஸ்ட்ல இருந்துது சார். என் கண்ணால பாத்துதான் போட்டேன். அண்ணா, நீங்களே சொல்லுங்கண்ணா."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம்தான்.

"மிஷின் சரியாத்தான் சார் அடிச்சுது," என்றான்.

லோயிஸ் அழக்கூட இல்லை. நிமிர்ந்து பார்த்துவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்க வெட்கி அவன் தரையைப் பார்த்தான். சிமெண்டுத் தரையில் அவனுடைய செருப்பு வார் அவிழ்ந்து கிடந்தது.

வெளியே வந்தபோது வெயில் வராந்தாவில் பாதி தூரம் ஏறியிருந்தது. பினாயில் வாடை. ஊசி கொதிக்கவைக்கிற பாத்திரத்திலிருந்து வருகிற ஆவியின் வாடை. நோயாளிகள் எல்லாம் தூங்குகிற நேரம், ரோட்டில் திருப்பதி பஸ் ஒன்று போன சத்தம் அடங்கிய பிறகு வேறு சத்தமே இல்லை. அப்போதுதான் அது கேட்டது. பூட்டிய அவனுடைய அறைக்குள்ளிருந்து, பல்லைக் கடிப்பது மாதிரி, பிரிண்டர் ஓடுகிற சத்தம்.

கதவைத் திறந்தான். பிளக் தரையில்தான் கிடந்தது. தாள் மேஜையிலிருந்து வழிந்து, மடிந்து மடிந்து, வாசல் வரைக்கும் வந்திருந்தது. எல்லாம் ஒரே வரி. பெட் ஒன்பது. ருக்மணி, நகரி. பெனிசிலின், மணி நாலு. ஊசி போடுபவர் பெயர் வரவேண்டிய இடத்தில் இன்பசேகரன், இன்பசேகரன், இன்பசேகரன்.

"ஐயோ ஆண்டவரே," என்றான்.

திரும்பி ஓடினான். ஆர்தரின் அறைக்குத்தான். லோயிஸ் இன்னும் அங்கே இருப்பாள். காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும். வராந்தா முனையில் இடது பக்கம் திரும்ப வேண்டும்.

கால்கள் வலது பக்கம் திரும்பின.

நில் என்று சொன்னான். நிற்கவில்லை. தூணைப் பிடிக்கப் போனான். கை வரவில்லை. கையில் என்னவோ கனத்தது. குனிந்து பார்த்தான்.

ஊசித் தட்டு. பஞ்சு. மருந்து ஏற்றிய ஊசி.

எப்போது எடுத்தான்? தெரியவில்லை. வார்டின் கதவு தானாக விலகியது. ஒன்று. இரண்டு. எல்லோரும் தூங்குகிறார்கள். ஐந்து. கத்தப் பார்த்தான். ஏழு. ஒரு கட்டில்கூட விடாமல் கால்கள் வரிசையாகத்தான் போயின. எட்டு.

ஒன்பதாவது கட்டிலின் பக்கத்தில் தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஈரம் இன்னும் காயவில்லை.

அவள் உட்கார்ந்திருந்தாள். அவனுக்குச் சிரமம் வைக்காமல் ரவிக்கைக் கையைத் தோள் வரைக்கும் மடித்துவிட்டுக்கொண்டு, தடித்துச் சிவந்த கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

"நாலு மணி ஆயிட்ச்சி சார்," என்றாள், பொறுமையாக. "போடுங்க."

நில், நில், நில் என்று அவன் தனக்குள் கதறிக்கொண்டே இருந்தான். அவனுடைய விரல்கள் பஞ்சை எடுத்து அந்தக் கையைத் துடைத்தன.