விசிறியில் ஒரு கீறல்கூட இல்லை

பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில் ஒரு துடுப்பு நீண்டது.

"பூட்டாதீங்க! இன்னிக்கு பதில் தெரியாம நான் நகர்றதா இல்ல."

சர்வீஸ் சென்டர் மெக்கானிக் ஷட்டரை மறுபடி மேலே தள்ளினான். வெளியே மழையில் தொப்பலாக நனைந்து ஒருத்தி நின்றாள். முகமெல்லாம் கோபம்... ஆனால் அந்த இமை நுனியில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தது. அது விழும்வரை அவன் மூச்சுவிடவில்லை.

"என்னை என்ன பார்க்கறீங்க? இன்ஜினைப் பார்த்திருந்தா இந்நேரம் ஓடியிருக்கும்."

அக்கரைப் பள்ளிக்கூடத்து டீச்சர்களையும் ஆஸ்பத்திரி நர்ஸையும் தினமும் படகில் கொண்டுபோய் விடுகிறவள் அவள். எல்லோருக்கும் அவள் 'கேப்டன்'தான். வாங்கி ஐந்தே மாதமான, படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு இன்ஜின் நடு ஆற்றில் படுத்துவிட்டது. ஒன்றரை மாதமாக இங்கே மூலையில் கிடக்கிறது. வாரண்டி இருப்பதால் வெளி ஆள் தொடக் கூடாது. கம்பெனி உத்தரவு வராமல் இவனும் சரிசெய்யக் கூடாது.

"நேத்துகூட மெயில் போட்டேன், மேடம்..."

"மெயில் போட்டா படகு ஓடுமா?"

"ஓடாதுதான். அந்தத் துடுப்பால என்னைச் சாத்தினாலும் ஓடாது."

வந்த சிரிப்பை அவள் உதட்டைக் கடித்து நிறுத்தினாள். அவன் கிரீஸ் கையை ஒதுக்கி, விரல் நுனியால் ஒரு சுத்தமான துண்டை எடுத்து நீட்டினான்.

"என்கிட்ட பழைய இன்ஜின் ஒண்ணு இருக்கு. சின்னதுதான்... உங்களுது வர்ற வரைக்கும் மாட்டிக்கோங்களேன்."

"யோசிச்சு சொல்றேன்," என்றாள். வீடு போகும்வரை அவள் யோசித்தது இன்ஜினைப் பற்றி அல்ல...

திங்கட்கிழமை கம்பெனிக் கடிதம் வந்தது. கியர் உறையில் விரிசல். கல்லில் மோதியதால் ஏற்பட்டது. ஆகவே வாரண்டி செல்லாது. கூடவே இணைத்திருந்த ஆய்வுத் தாளின் அடியில் மெக்கானிக்கின் கையெழுத்து.

இடுப்பு வலி வந்தபின் படகை மகள் கையில் கொடுத்திருந்த அப்பா, கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"கல்லுல இடிச்சியாம்மா?"

"இல்லப்பா."

"எழுதியிருக்காங்களே... உனக்கு இது சரிப்பட்டு வராது. உன் சித்தப்பா இந்தப் படகைக் கேக்கறான், குடுத்துடலாம்."

'சரிப்பட்டு வராது' என்ற வார்த்தைதான் அவளைக் குத்தியது. அவள் சர்வீஸ் சென்டருக்குப் போனபோது மெக்கானிக் பழைய இன்ஜினைத் துடைத்து, அவளுக்காகத் தயாராக வைத்திருந்தான்.

"கல்லுல மோதினேன்னு எழுதிட்டு இது என்ன, ஆறுதல் பரிசா?"

"விரிசல் இருக்குன்னு மட்டும்தாங்க எழுதினேன். கல்லைச் சேர்த்தது அவங்க..."

"உங்க இரக்கம் எனக்கு வேண்டாம்."

அடுத்த ஒன்பது நாளும் துடுப்புப் போட்டே அக்கரைக்குப் போய்வந்தாள். உள்ளங்கை கொப்பளித்தது. ஒவ்வொரு தடவையும் நடு ஆற்றில் அவன் முகம் வந்து நின்றது... சீ, போ என்றால் போகவுமில்லை.

பத்தாம் நாள் காலை வாசலில் வண்டிச் சத்தம். மெக்கானிக், அவள் இன்ஜினோடு. அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் நேரே அப்பாவிடம் போய் ஒரு தாளைக் கொடுத்தான்.

"தண்ணியைத் தள்ளற விசிறியில ஒரு கீறல்கூட இல்லைங்க, ஐயா. கல்லுல மோதின இன்ஜின் இப்படி இருக்காது. உறையை வார்க்கும்போதே குறை. நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பினேன். கம்பெனியில ஒத்துக்கிட்டு புது உறை குடுத்தாங்க, மாட்டிட்டேன்."

அதற்காக மேனேஜரிடம் வாங்கிய திட்டை அவன் சொல்லவில்லை. "கம்பெனிக்கு எதிரா எழுதறியா?" என்று அவர் கத்த, "இன்ஜின் பக்கம் எழுதறேன் சார்" என்று இவன் சொன்னதையும் சொல்லவில்லை.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "உன்னை நம்பாம போயிட்டேனேம்மா... படகு உன்னோடதுதான்."

அவள் நன்றி சொல்ல வாய் திறப்பதற்குள் அவன் வண்டி தெருமுனை தாண்டிவிட்டது.

ஒரு வாரம் இன்ஜின் பூனை மாதிரி குர்ர்ரென்று ஓடியது. எட்டாம் நாள் அவளே போன் செய்தாள். "இன்ஜின்ல... ஏதோ சத்தம் வருது."

"வர்றேன்."

சாயங்காலத் தூறலில் ஓடிவந்து படகில் ஏறினான். அவள் கயிற்றை இழுத்தாள். இன்ஜின் ஒரே இழுப்பில் கிளம்பியது. ஆற்றின் நடுவில் வந்ததும் அவன் காதைச் சாய்த்துக் கேட்டான்.

"சத்தம் எங்க, கேப்டன்?"

அவள் இன்ஜினை நிறுத்தினாள். தண்ணீரில் தூறல் விழுவது மட்டும் கேட்டது.

"சத்தமே இல்ல... பொய். இன்ஜின் சரியாயிடுச்சு, இனிமே உங்களைப் பார்க்க எனக்கு ஒரு காரணமும் இல்ல. அது... தாங்கல."

அவன் அவளைப் பார்த்தான். அந்தக் கண்களில் இன்று கோபம் இல்லை... மழை மட்டும்தான்.

"போன்ல, என்ன மாதிரி சத்தம்னு நான் கேட்டேனா?"

"இல்லையே..."

"நல்லா பாருங்க." இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். "ஒரு ஸ்பேனராவது எடுத்துட்டு வந்திருக்கேனா?"