போகப் போகச் சரியாயிடும்

கீ...ச்...ச்!

தெருவே திரும்பிப் பார்த்தது. எதிர் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர் காதைப் பொத்திக்கொண்டார்.

அலறிய கார் ஒர்க்ஷாப் வாசலில் வந்து நின்றது. மெக்கானிக் மட்டும் சிரித்த முகமாக எதிரே வந்தான்.

"வாங்க சார். சத்தம் நின்னுடுச்சு போலிருக்கே?"

இறங்கிய மருந்துக்கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னப்பா, கிண்டலா? இப்ப ஊரே கேட்டுச்சு. புது பிரேக் பேடு, புது டிஸ்க்... நீ மாட்டின நாள்லேர்ந்து இந்த அலறல்தான். நான் வர்றது மூணாவது தடவை."

"புதுசுல அப்படித்தான் சார் கத்தும். போகப் போகச் சரியாயிடும்."

இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் ஆறு மாதமாக அவன் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். மெக்கானிக்குக் காது போய்விட்டது. முழுக்க அல்ல. லாரி உறுமினால் கேட்கும், கதவை அறைந்தால் கேட்கும். கீச்சு, விசில், குக்கர்... ம்ஹூம். இருபத்தைந்து வருடம் கிரைண்டருக்கும் சம்மட்டிக்கும் நடுவே உட்கார்ந்ததற்குக் கிடைத்த பரிசு. எதிரில் நிற்பவர் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடித்துச் சமாளித்தான். மனைவிக்குக்கூடத் தெரியாது. தெரிந்தால் தெருவுக்குத் தெரியும். காது கேட்காத மெக்கானிக்கிடம் எவன் வண்டியை விடுவான்?

"விட்டுட்டுப் போங்க சார். சாயங்காலத்துக்குள்ள முடிச்சுடறேன்."

சக்கரங்களைக் கழற்றினான். பேடுகளின் முதுகில் செம்பு நிற கிரீஸை லேசாகத் தடவினான். ஓட்டிப் பார்த்தான். பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. சத்தம் நின்றதா? ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

சாயங்காலம் மருந்துக்கடைக்காரரின் தம்பி வந்து காரை எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் காலை பத்து மணி.

போலீஸ் ஜீப் ஒன்று ஒர்க்ஷாப்புக்குள் நுழைந்தது. பின்னாலேயே கிரேன். அதில் மூக்கு நசுங்கித் தொங்கியது... அதே கார்.

ஜீப்பிலிருந்து இன்ஸ்பெக்டர் இறங்கினாள்.

"இதுக்கு பிரேக் வேலை பாத்தது நீங்கதானே?"

"ஆமா மேடம். சார் எங்க?"

"மார்ச்சுவரியில. வீட்டு கேட்டைத் தாண்டினா சரிவு. காலையில கிளம்பி, சரிவுல முதல் தடவையா பிரேக்கை மிதிச்சிருக்கார். பிடிக்கல. கீழ சுவர்."

மெக்கானிக் அப்படியே டயர் மேல் உட்கார்ந்தான்.

ஜீப்பிலிருந்து இறந்தவரின் மனைவி இறங்கினாள். பக்கத்தில் தம்பி.

"மூணு தடவை சத்தம் சத்தம்னு வந்து நின்னாரே... கொன்னுட்டியேப்பா," என்று அழுதாள்.

"நேத்து நான் எடுத்துட்டு வரும்போதே பிரேக் வழுக்குச்சு மேடம். அண்ணன்கிட்ட சொன்னேன். அவர் காதுலயே போட்டுக்கல," என்றான் தம்பி.

இன்ஸ்பெக்டர் இருவரையும் ஒர்க்ஷாப்பின் கண்ணாடி அறையில் உட்கார வைத்தாள்.

"கையுறை போட்டுக்கிட்டு என் கண் முன்னாடி சக்கரத்தைக் கழட்டுங்க. கான்ஸ்டபிள் வீடியோ எடுப்பார்."

அவன் கழற்றினான்.

உள்பக்கத்து பேடில் நாக்கு மாதிரி ஒரு சின்னத் தகடு. பேடு தேய்ந்துபோனால் டிஸ்க்கில் உரசிக் கத்துவதற்காகவே வைத்தது. பேடுகளை இடது வலது மாற்றி மாட்டியிருந்தான் மகானுபாவன். தகடு வளைந்து, பேடு தேயாமலே டிஸ்க்கில் உரசிக்கொண்டிருந்தது. மூன்று தடவையும் கண்ணில் படவில்லை. சத்தம் எந்தச் சக்கரத்தில் என்று கேட்டால்தானே அங்கே தேடுவதற்கு?

அடுத்து டிஸ்க்கைத் தொட்டான். விரல் வழுக்கிக்கொண்டு போனது.

வெள்ளை கிரீஸ். முன்சக்கரம் இரண்டிலும்.

"மேடம்... சத்தம் என் தப்பு. சாவு என் தப்பு இல்ல."

"புரியல."

"நான் தடவினது பேடு முதுகுல, செம்பு கலர். இது டிஸ்க் முகத்துல, வெள்ளை. இங்க கிரீஸ் பட்டா பிரேக்கே பிடிக்காது. எந்த மெக்கானிக்கும் பூச மாட்டான்."

"சத்தத்தை நிறுத்தத் தெரியாத மெக்கானிக் பூசுவான். ஊமையாக்கி அனுப்பினா கஸ்டமர் திரும்பி வர மாட்டார்னு."

"வெள்ளை கிரீஸ் நான் வாங்குறதே இல்ல மேடம்."

"எல்லாக் கடையிலயும் கிடைக்குது. வேற ஏதாவது இருக்கா சொல்றதுக்கு?"

அவன் திக்கற்றுப் போய் நிமிர்ந்தான். கம்ப்ரஸர் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் கண்ணாடி அறை. உள்ளே இருவரின் உதடுகளும் அசைந்தன...

மெக்கானிக்கின் முகம் வெளுத்தது.

சொன்னால் தொழில் போச்சு. சொல்லாவிட்டால் ஆளே போச்சு. எந்தப் பக்கம் போனாலும் குழி. மருந்துக்கடைக்காரரின் முகம் நினைவுக்கு வந்தது.

"மேடம்... எனக்குக் காது கேக்காது."

"என்ன?"

"கீச்சுச் சத்தம் கேக்காது. பேச்சு பாதிதான் கேக்கும். உதட்டைப் பாத்துத்தான் பேசறேன். இப்ப அந்த ரூம்ல அந்தம்மா, 'கடை ஷட்டருக்குப் போடுற கிரீஸ் டப்பாவை எங்க வச்ச'ன்னு கேட்டாங்க. அவன், 'கடையில, ஊசி மருந்து ஃபிரிட்ஜுக்குப் பின்னாலதான் இருக்கு'ன்னான்."

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. கம்ப்ரஸருக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். சத்தமே வராமல் உதட்டை மட்டும் அசைத்தாள்.

மெக்கானிக் தலையைக் குனிந்து, இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினான்.

"என்ன சொன்னேன்?"

"கைது பண்றேன்னு சொன்னீங்க மேடம்."

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தாள். குரல் தணிந்திருந்தது.

"சும்மா சொன்னேன். கையை இறக்குங்க. வேற என்ன பேசினாங்க?"

"கடைசியா அவன், 'பயப்படாதடி'ன்னான்."

"டி-யா? அண்ணியையா?"

"அண்ணியைத்தான் மேடம்."

இன்னொரு கான்ஸ்டபிள் மருந்துக்கடைக்கு ஓடினார். அரை மணியில் போன் வந்தது. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வெள்ளை கிரீஸ் டப்பா. கூடவே துடைத்த துணி, துணிக்குள் சுருட்டியபடி சக்கரம் கழற்றும் ஸ்பேனர்.

கண்ணாடி அறைக்குள் விலங்கு போனது. தம்பி கையை நீட்டினான். அண்ணி வாயைத் திறந்தாள்.

வீ...ல்...!

வீடியோ எடுத்த கான்ஸ்டபிள் காதைப் பொத்திக்கொண்டார். எதிர் மாடிக்காரர் மறுபடி எட்டிப் பார்த்தார். மெக்கானிக் பாட்டுக்கு ஸ்பேனர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். நாளையிலிருந்து எந்த வண்டி வரப்போகிறது என்று தெரியாமலேயே.

இன்ஸ்பெக்டர் அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

"என் காது கிழிஞ்சுடுச்சு. நிஜமாவே உங்களுக்குக் கேக்கலையா?"

"கத்துறாங்களா மேடம்?"

அவன் திரும்பி, அண்ணியின் கையில் பளபளத்த விலங்கைப் பார்த்தான்.

"புதுசுல அப்படித்தான் கத்தும். உள்ள போகப் போகச் சரியாயிடும்."