அமுக்கிப் பிடித்த பட்டன்

கம்ப்யூட்டர் படுத்துக்கொள்வதற்கு முன்னால் ஏதாவது ஒரு அறிகுறி காட்டும் என்பது அவளுக்கு அனுபவத்தில் தெரிந்த விஷயம். பதினான்கு வருஷமாக அச்சுக்குப் போகும் புத்தகங்களுக்குக் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டுகிறவள். மவுஸ் இழுபடும், திரை உறையும், உள்ளே விசிறி இரைக்கும், கடைசியில் நீலத்திரை வந்து நிற்கும். திங்கட்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு இதில் ஒன்றுகூட நடக்கவில்லை. ‘கல்லீரல்’ என்ற சொல்லின் மேல் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. அடுத்த கணம் திரை கறுத்துவிட்டது. மேஜை விளக்கு எரிந்தது. தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது. கம்ப்யூட்டர் மட்டும் அணைந்து கிடந்தது.

அதன் இரைச்சல் நின்ற பிறகுதான் வீட்டின் மற்ற சத்தங்கள் ஒவ்வொன்றாகக் காதுக்கு வந்தன. ஜன்னல் தகரத்தில் மழை, சமையலறைக் குழாயின் சொட்டு, ஃப்ரிட்ஜின் முனகல். அவள் நாற்காலியிலிருந்தபடியே குனிந்து, மேஜைக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, பட்டனை அமுக்கினாள். பையில் போட்டு மறந்துபோன ஈரத்துணியின் வாடை கையோடு மேலே வந்தது. மழைக்காலம், சுவர் ஈரம் விடுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

கையிலிருந்தது ஒரு மருத்துவ அகராதி. அறுநூற்று நாற்பது பக்கம், பக்கத்துக்குப் பக்கம் படம். வெள்ளிக்கிழமை மத்தியானம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். போன முறை இரண்டு நாள் தாமதமானதற்குப் பதிப்பாசிரியர் கத்தவில்லை. “அடுத்த தடவை வேற ஆளைப் பாத்துக்கறோம்மா” என்று மெதுவாகச் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை. பழைய கம்ப்யூட்டர் இந்தப் படங்களைத் தாங்காது என்பதால்தான், ரிப்பேர் கடை வைத்திருக்கும் கொழுந்தன் சனிக்கிழமை வந்து, மெமரியைக் கூட்டி, முழங்கை நீளத்துக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டைப் பொருத்தினான். கார்டு பழைய பெட்டிக்குள் அடங்கவில்லை. புதுப் பெட்டி மேஜைமேல் அடங்கவில்லை. மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டான்.

கனமான மர மேஜை அது. இரண்டு பக்கமும் இழுப்பறை, பின்னால் தரைவரைக்கும் பலகை. நடுவில் கால் வைக்கும் இடம் மட்டும் பட்டப்பகலிலும் இருண்டு கிடக்கும். பெட்டி அதற்குள் போனதும் அதன் நீல விளக்கு மட்டும் தெரிந்தது.

அன்று மாலைக்குள் இன்னும் மூன்று தடவை அணைந்தது.

கொழுந்தன் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தான். பெட்டியை வெளியே இழுத்து, மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். சூடு ஏறுகிறதா என்று தொட்டுப் பார்த்தான். பவர் சப்ளையையே மாற்றினான்.

“புதுசா வாங்கின பொருள் இப்படிப் படுத்துதே தம்பி?”

“புதுசுன்னா அப்படித்தான் அண்ணி. கல்யாணமான புதுசுல எங்க அண்ணன் படுத்தாத பாடா?”

அவள் சிரித்தாள். கணவன் ஹாலிலிருந்து, “எனக்குக் காது கேக்கும்” என்றான்.

செவ்வாய்க்கிழமை காலை கணவன் எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பினான். எட்டு நாற்பதுக்கு அணைந்தது. ஒன்பதேகாலுக்கு மறுபடி. இந்த முறை நாற்காலியில் இருந்தபடி பட்டன் எட்டவில்லை. இறங்கி முட்டி போட்டு, தலையை உள்ளே விட வேண்டியிருந்தது. மழமழவென்ற தரை, கால் பட்டுப் பெட்டி நகர்ந்திருக்கும். உள்ளே வாடை முந்தின நாளைவிடக் கனமாக இருந்தது. கையை நீட்டிப் பட்டனைத் தொட்டபோது அது லேசாக ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாகவும்.

கொழுந்தன் பெட்டியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், புதன் மாலை திருப்பிக் கொண்டுவந்தான். “முப்பது மணி நேரம் அண்ணி. ராஜா மாதிரி ஓடுச்சு. எதுக்கும் உங்க பிளக் பாயின்ட்டை மாத்திடலாம்” என்று சமையலறையிலிருந்து தனி ஒயர் இழுத்துக் கொடுத்தான்.

வியாழன் காலை, அவள் வீட்டில் தனியாக உட்கார்ந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை, அணைந்தது. அப்புறம் இருபது நிமிஷத்தில். அப்புறம் பதினொரு நிமிஷத்தில். ஒவ்வொரு தடவையும் பட்டன் ஒரு சாண் உள்ளே போயிருந்தது. மூன்றாவது தடவை இடுப்புவரை நுழைந்துதான் அதைத் தொட முடிந்தது. அவளுடைய மேஜைக்கு அத்தனை ஆழம் கிடையாது. அந்த எண்ணம் வந்ததுமே அதைத் தள்ளிவிட்டாள். இன்னும் எழுபது பக்கம் இருந்தது.

இரண்டரை மணிக்குக் கொழுந்தனுக்கு ஃபோன் போட்டாள். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது.

“நான் சொல்ற இடத்தைத் திறங்க அண்ணி. எப்ப எப்ப ஆஃப் ஆச்சு, எதனால ஆச்சுன்னு கம்ப்யூட்டரே ஒரு லிஸ்ட் எழுதி வெச்சிருக்கும். படிங்க.”

படித்தாள். கொழுந்தன் குறுக்கிட்டான்.

“எல்லாத்துலயும் அதேதான் போட்டிருக்கா?”

“ஒன்பது தடவையும் அதேதான். ஏன்?”

“அது கிராஷே ஆகல அண்ணி. யாரோ பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சு ஆஃப் பண்ணியிருக்காங்க. சும்மா பட்டா ஆகாது. முழுசா நாலு செகண்டு, விடாம அமுக்கணும். உங்க முட்டி கிட்டி படுதா?”

அவள் தன் முட்டியைப் பார்த்தாள். பட்டன் கைக்கே எட்டவில்லை.

“படாது” என்றாள்.

“அப்ப பட்டன்தான் உள்ள சிக்கிக்குது. விடுங்க, சின்ன விஷயம். பெட்டியை முன்னாடி இழுத்து, ஓடிக்கிட்டிருக்கும்போதே பக்கத்து மூடியைத் திறங்க. பட்டன்லேருந்து மதர்போர்டுக்கு ரெண்டு மெல்லிசு ஒயர் போகும். புடுங்கிடுங்க. அப்புறம் அதை யாரு அமுக்கினாலும் ஒண்ணும் ஆகாது. நான் ஆறு மணிக்கு வரேன்.”

ஒயரைப் பிடித்துப் பெட்டியை இழுத்தாள். முதலில் வரவில்லை. அந்தப் பக்கம் ஏதோ தடுத்தது. பிறகு தடுத்தது சட்டென்று விட்டுக்கொடுத்ததுபோல் பெட்டி வழுக்கிக்கொண்டு அவள் மடிமேல் வந்து மோதியது. மூடியைத் திறந்தாள், இரண்டு ஒயரையும் பிடுங்கினாள், மானிட்டர் ஒயர் நீளம் போதாததால் மேஜையின் வாய்வரைக்கும் மறுபடி தள்ளினாள். உட்கார்ந்தாள்.

பத்து நிமிஷம் ஓடியது. அரைமணி நேரம் ஓடியது. ‘மூச்சுக்குழல்’ போயிற்று, ‘மூளை’ போயிற்று. தோளில் இருந்த இறுக்கம் இறங்கியது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். கொழுந்தன் கெட்டிக்காரன்தான், அவனுக்கு இந்த வாரம் நல்ல சாப்பாடாகப் போட வேண்டும் என்றுகூட நினைத்தாள்.

மூன்றரைக்கு அந்தச் சத்தம் கேட்டது.

டிக்.

சின்னச் சத்தம். பேனா மூடியைத் திறப்பதுபோல. திரை அசையவில்லை. ‘மூளைக்காய்ச்சல்’ என்ற சொல் தெளிவாக நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று அவளையறியாமல் எண்ணினாள்.

டக்.

விட்ட சத்தம்.

அவள் கை கீபோர்டின்மேல் அப்படியே இருந்தது. மழை பெய்தது. குழாய் சொட்டியது.

டிக். நாலு எண்ணும்வரைக்கும் ஒன்றுமில்லை. டக்.

டிக். டக்.

டிக். டக். டிக். டக். டிக்டக் டிக்டக் டிக்டக். பொறுமை போய்விட்டது அதற்கு.

கொழுந்தனை ஃபோனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். கிசுகிசுத்தாள். “இதைக் கேளு.”

“ஃபேன்ல ஒயர் உரசுது அண்ணி, அதுக்குப் போயி...” பேச்சு பாதியில் நின்றது. அவனும் கேட்டான். கடையில் யாரோ அவனைக் கூப்பிடுவதும், அவன் ‘உஷ்’ என்பதும் அவளுக்குக் கேட்டது.

“அண்ணி.” அவன் குரல் மாறியிருந்தது. “உங்க பக்கத்துல யாரு?”

“யாருமில்ல.”

“கம்ப்யூட்டரை விடுங்க. எந்திரிச்சு வெளிய போங்க. இப்பவே. நான் வண்டி எடுத்துட்டேன்.”

சத்தம் நின்றுவிட்டது.

நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். எழுந்தாள். வலது கால் வந்தது. இடது கால் வரவில்லை.

கட்டைவிரல் நகத்தின்மேல் ஏதோ ஒன்று வைத்து அமுக்கியது. மெதுவாகத்தான். வெதுவெதுப்பாக. ஈரமாக. விடாமல்.

அவள் இழுத்தாள். உடம்பு சாய்ந்தது. நாற்காலி ஒரு பக்கம் உருண்டது, அவள் ஒரு பக்கம் விழுந்தாள். கன்னம் தரையில் அடித்தது. காதுக்குள் ‘ஙொய்’ என்றது. ஃபோனில் கொழுந்தன், “அண்ணி! அண்ணி!” என்று கத்திக்கொண்டிருந்தான். மேலே மானிட்டர் வெளிச்சம் நீலமாக எரிந்தது. அந்த வெளிச்சம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி, பெட்டியைத் தாண்டி மேஜைக்கு அடியில் விழுந்தது.

பின்பலகை இல்லை. சுவர் இல்லை. தரை மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

அந்தத் தரையில் ஒரு கை ஊர்ந்து வந்தது. முழங்கை தாண்டியும் கை. அதைத் தாண்டியும் கை. தோள் எங்கே என்று தெரியவில்லை. விரல்கள் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்தன. கண் தெரியாததுபோல. அவசரமே இல்லாததுபோல. கை அவள் முடியைத் தொட்டது. நின்றது.

கத்த வாய் திறந்தாள். காற்று வந்தது. சத்தம் வரவில்லை.

விரல்கள் அவள் முகத்தின்மேல் ஏறின. நெற்றி. புருவம். மூக்கு. உதடு. ஒவ்வொன்றையும் தொட்டு, லேசாக அழுத்தி, இது இல்லை என்பதுபோல் விட்டுவிட்டு நகர்ந்தன. வாசலில் கேட் திறக்கவில்லை. வண்டிச் சத்தம் இல்லை. மழை மட்டும்.

இடது கண்ணுக்கு வந்தன.

இமை தானாக மூடிக்கொண்டது. அதன்மேல் பெருவிரல் ஒன்று வந்து சரியாக உட்கார்ந்தது. தேடியது கிடைத்ததுபோல் மற்ற விரல்களின் ஆட்டம் ஓய்ந்தது.

அமுக்கியது.