குங்குமம் பட்ட பத்திரிகை

"ஏட்டி வினோ, எப்ப வந்த?" என்று சுகந்தி அன்றும் கேட்டாள்.

"இப்பத்தான்க்கா" என்றாள் தங்கை வினோதினி. அக்காவைப் பார்த்துக்கொள்ள அவள் அந்த வீட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகிறது. அக்காவின் முகத்தில் வரும் சந்தோஷத்துக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் புதிதாக வரலாம் என்றிருந்தது அவளுக்கு.

சுகந்தியின் தலைக்குள் இருந்த புற்றுக்கட்டியைக் கதிர்வீச்சு கரைத்துவிட்டது. உயிர் தப்பியது, நினைவுதான் பாழாய்ப் போனது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தாள். பாளையங்கோட்டையில் பாதி வீடுகளுக்கு வரைபடம் போட்டவள், சொந்த வீட்டில் குளியலறையைத் தேடினாள். டாக்டர்கள் இதை 'மூட்டம்' என்றார்கள். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். கதிர் கொடுக்குமுன் மூளையை அப்படியே நகலெடுத்துவிடுவார்கள். மூளைப்படி என்று அதற்குப் பெயர். புண் ஆறியபின் அதைத் திரும்ப ஏற்றினால் ஆள் பழையபடி ஆகிவிடுவார். சும்மா சொல்லக்கூடாது, ஒரு துரும்பு குறையாது.

அதுதான் வினோதினிக்குப் பயமாக இருந்தது. தன் மகள் கல்யாணத்துக்கு அக்காவை நேரில் போய் அழைக்காமல், பத்திரிகையைப் போனில் அனுப்பிவைத்த மகராசி அவள். சுகந்தி கல்யாணத்துக்கு வரவில்லை. அதன்பின் பேச்சுவார்த்தையும் இல்லை. கட்டியோடு அந்தக் கோபமும் கரைந்திருந்தது; மூளைப்படியில் அது அப்படியே இருந்தது. மூட்டத்தில் கிடந்த அக்காவிடம், மிஞ்சிய பத்திரிகை ஒன்றைத் தட்டில் வைத்து வெற்றிலை பாக்கோடு நீட்டினாள். சுகந்தி குங்குமத்தை எடுத்து இட்டுக்கொண்டு அதே விரலால் பத்திரிகையை வாங்கினாள். மூலையில் சிவப்பாக ரேகை பதிந்தது.

"முந்தின நாளே வந்து நிப்பேன் பாரு" என்றாள். தேதி போய்விட்டதை அவள் கவனிக்கவில்லை.

"மூளைப்படியை ஏத்தினா இந்த ஒரு வருஷம் மட்டும் அழிஞ்சிரும்மா. அவங்களுக்காக நீங்கதான் சம்மதம் சொல்லணும்" என்றார் டாக்டர் வினோதினியிடம்.

"போகட்டுமே, அதுல என்ன இருக்கு?" என்றாள் சுகந்தி. பிறகு தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு வீட்டையாவது தலைக்குள்ள சுத்தி வரணும்டி. சம்மதம் சொல்லு."

இந்தக் கை இனி தன்னைத் தொடாது என்று வினோதினிக்குத் தெரியும். ஆனாலும் அக்கா அழுதபோது அவளால் தாங்க முடியவில்லை. சம்மதம் என்றாள்.

மூளைப்படி ஏறியதும் சுகந்தி கண்விழித்து அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். "ஜன்னலைத் தப்பான பக்கம் வச்சிருக்கான்" என்றாள். வினோதினிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அக்கா திரும்பி அவளைப் பார்த்தாள்.

"உங்களை யாரு வரச் சொன்னது?"

'ஏட்டி' என்று கூப்பிட்ட வாய் அது. வினோதினி பையிலிருந்து பத்திரிகையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். சுகந்தி வாங்கிப் புரட்டினாள். அவள் கண்ணுக்கு இப்போது எதுவும் தப்பாது. மூலையில் இருந்த சிவப்பைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"கல்யாணம் முடிஞ்சபிறகு கொண்டாறீங்க. அதுவும் யாருக்கோ வச்ச பத்திரிகையை."

"அது உன் விரல்தான்க்கா."

"என் விரல் எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி சுகந்தி அதைத் திருப்பிக் கொடுத்தாள்.