இயக்குநரின் தலை

தூள் பரப்பும் தகடு ஓரிடத்தில் இடறியது. உருகி இறுகிய உலோகம் மயிரளவு தூக்கி நின்றாலும் தகடு தட்டிக்கொண்டுதான் போகும். பொறியாளருக்கு அது பழகிய சத்தம். இது தட்டிய சத்தமாக இல்லை. யாரோ பல்லைக் கடித்துக்கொண்டது போலிருந்தது.

அவள் உலோக முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் கண்ணாடிச் சாளரத்தருகே வந்தாள். விடுமுறை நாளின் பிற்பகல். கூடத்தில் அவளும், இயந்திரத்தின் மூடிய அறைக்குள் காற்றுக்குப் பதிலாக ஆர்கான் வாயு சுற்றும் ஓயாத முனகலும்தான். உள்ளே லேசர், சாம்பல்நிற டைட்டானியத் தூளின்மேல் பொறி பறக்க ஒரு வளையம் வரைந்து, உருக்கி, அணைந்தது. மேடை இம்மி இறங்கியது. தகடு புதுத் தூளை இழுத்து மூடியது. இப்படி அடுக்கடுக்காக வளர்ந்துகொண்டிருந்தது நிறுவன இயக்குநரின் தலை. இந்தத் தொழில்நுட்பத்தின் வளர்ச்சியைக் கண்காட்சியில் காட்ட விமான உதிரிபாகம், இடுப்பு மூட்டு என்று எத்தனையோ இருக்க, தன் தலையைவிடப் பொருத்தமான பொருள் அவருக்குத் தட்டுப்படவில்லை.

போன மாதம், "விருந்தாளிங்க வாசல்ல நிக்கிறாங்க, ஆறுற வரைக்கும் காத்திருப்பியா? திற!" என்று அவசரப்படுத்தியவரும் அவர்தான். இதே இயந்திரத்தின் கதவைத் திறந்தவன், இங்கேயே வேலை பார்த்த அவளுடைய தம்பி. காற்றுப் பட்டதும் தூள் பற்றிக்கொண்டது. அவன் குனிந்தபடியே எரிந்தான். அஞ்சலிக் கூட்டம் முடிந்த கையோடு, "மிச்சத் தூளை வீணாக்காதீங்க, சலிச்சு எடுத்துக்கலாம்" என்றார் இயக்குநர். சலித்து இதில் நிரப்பியது அவள்தான்.

திரையில் அந்த அடுக்கின் படம் வந்தது. வடிவக் கோப்பில் வாய் மூடியிருந்தது. அந்த மனிதர் வாயை மூடியிருந்த ஒரே இடம் அதுதான். படத்தில் வாய் திறந்திருந்தது. அகலமாக. முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின்மேல் ஏறியிருந்தது. இயக்குநருக்கு இருப்பது பிசகில்லாத கட்டுப்பல் வரிசை. அந்தத் தெற்றுப்பல்லுக்காகவே கையால் வாயை மூடிச் சிரிப்பவன் தம்பி.

கைப்பேசி அடித்தது.

"ஏம்மா, எதுவரைக்கும் வந்திருக்கேன்?"

"வாய் வரைக்கும், சார்."

"மூக்கு எடுப்பா வரணும், பாத்துக்க."

"சார்… இது நீங்க இல்ல."

"தூளுக்குள்ள இருக்கும்போது அப்படித்தாம்மா தெரியும். மெருகு போட்டா நான் வந்துடுவேன். நிறுத்திக் கிறுத்தித் தொலைக்காதே."

லேசர் மறுபடி பாய்ந்தது. முனகல் ஏறியது. அணைந்தது. முனகல் தணிந்தது. தகடு நகர்ந்து அந்த வாய்க்குள் தூளைத் தள்ளியது. மறுபடி லேசர்.

சுடுகிறது அவனுக்கு.

சிவப்புப் பொத்தானை ஓங்கி அறைந்தாள். லேசர் செத்தது. வாயு நின்றது. விசிறி நின்றது.

முனகல் நிற்கவில்லை.

கை கதவுப் பிடிக்குப் போயிற்று. உள்ளே காற்றில்லை. திறந்தால் காற்று வரும். வந்தால் பற்றிக்கொள்ளும்.

வழவழவென்ற சாம்பல் பரப்பில், உதடுகள் இருந்த இடத்தில், தூள் உள்ளே குழிந்தது.

புடைத்தது.

குழிந்தது.