ஆம்ப் சேர்க்காத மூச்சு

குழந்தையின் மூச்சோடு இன்னொரு மூச்சும் கேட்டது. ஜெயபாலன் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். ஜொகூர் பாருவின் மத்தியான மழை வாசல் தகரத்தில் ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்தது. விளக்குப் போடாத கூடத்தில் ஈரச் சுவரின் பூஞ்சை நாற்றமும், சமையலறையில் மூடாமல் விட்ட மிளகாய்ச் சம்பலின் புளித்த வாடையும் கலந்து தொண்டை வரை இறங்கின.

"இப்ப கேக்குதா, மச்சான்? ஆம்ப் போட்டா சவுண்டு மாறும்னு சொன்னேன்ல?" என்றான் எதிரே உட்கார்ந்திருந்த மைத்துனன் தீபன். அவன் கொண்டுவந்த ஆம்ப்ளிஃபையர் மேசையில் சூடேறிக் கிடந்தது.

ஜெயபாலனுக்கு அவனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆம்ப் எதையும் புதிதாகச் சேர்க்காது, இருப்பதைப் பெரிதாக்கும், அவ்வளவுதான் என்பது இவன் கட்சி; குடும்ப வாட்ஸ்அப்பில் பல நாளாகச் சண்டை. பாட்டைப் போட்டால் தீபன் வாய்க்கு வந்ததை அளப்பான்; அமைதியில் அளக்க ஒன்றுமில்லை. அதனால்தான் மாடியில் தூங்கும் மகள் மீனுவின் தலையணை ஓரம் போனைச் சிறிது நேரம் வைத்துவிட்டுக் கீழே வந்து, அறையின் அமைதியைச் சற்றுமுன் பதிவு செய்திருந்தான். மனைவி ஷாமளா சிங்கப்பூரில் வேலையில் இருந்தாள். வீட்டில் வேறு யாருமில்லை.

ஆம்பைக் கழற்றிவிட்டு ஹெட்போனை நேராகப் போனில் மாட்டினான். மீனுவின் மூச்சு மட்டும், மெலிதாக. மறுபடி ஆம்ப். அந்த இரண்டாவது மூச்சு கனமாக, சளி கட்டியதுபோல் இருந்தது. அவள் இழுக்கும்போதெல்லாம் அதுவும் இழுத்தது.

"நீதான் ஏதோ பண்ணியிருக்க. திருட்டுப் பயலே."

"நான் மாடிக்கே போகல. உங்ககூடத்தான இங்கயே இருந்தேன்." தீபன் ஹெட்போனை வாங்கி ஒரு நிமிடம் கேட்டான். முகம் வெளுத்துப்போனது. "சரிலா மச்சான், நீங்க சொன்னதுதான் சரி. ஆம்ப் எதையும் சேர்க்கல."

இத்தனை நாளும் அவன் வாயால் கேட்கத் தவித்த சொல். கேட்டதும் ஜெயபாலன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

படிக்கட்டில் பாய்ந்தான். தீபன் பின்னால் வரவில்லை. மேலே இருட்டு. மழை இரைச்சல் அங்கே குறைவு. கதவு பாதி திறந்திருந்தது. தள்ளினான்.

மீனு விழித்திருந்தாள். ஒருக்களித்துப் படுத்தபடி உதட்டில் விரல் வைத்தாள்.

"சத்தம் போடாதீங்கப்பா. இப்பதான் தூங்குது."

அவள் பக்கத்தில் போர்வை மேடாக இருந்தது. கட்டிலின் நீளத்துக்கு. அவள் அதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். போர்வைக்கு வெளியே ஒரு பாதம் நீட்டியிருந்தது. பெரியது. நகமெல்லாம் சேறு. அதன் விரல்கள் மெல்ல விரிந்தன.